ரஞ்சிதம் வெளியே போகிறாள்

செவல்பட்டி மில்லின் மனமகிழ் மன்றத்தில் நாடகம் என்றால் அன்றைக்குச் சங்கரவடிவு வீட்டில் அடுப்பு எரியாது. அவளுடைய மர நாற்காலி, சுவர்க் கடிகாரம், காப்பித் தம்ளர்கள், கோரைப்பாய், மஞ்சள் கரை போட்ட நீலச் சேலை, ஊறுகாய் போடுகிற பீங்கான் சாடி என்று எல்லாமே மத்தியானம் தள்ளுவண்டியில் ஏறி மன்றத்துக்குப் போய், மேடையில் இறங்கி, அங்கே அவள் வீடாகவே நின்றுவிடும். மிச்சம் கிடக்கிற வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் அவளும் பூட்டைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து போய், முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் வீட்டைத் தானே வேடிக்கை பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் புரோட்டா வாங்கிக்கொண்டு வருவாள்.

நாடகங்களை எழுதுகிறவர் அவள் புருஷன் உலகநாதன், மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். எல்லாம் அரைமணி நேரத்து நாடகங்கள். எல்லாவற்றிலும் கதாநாயகன் பெயர் பரமு. பரமு யார் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் பரமுவும் மில் கிளார்க், பரமுவுக்கும் இடது புருவத்தில் தழும்பு, பரமுவாக நடிப்பதும் உலகநாதனேதான். வித்தியாசம் என்று பார்த்தால், சண்டையில் சொல்ல வேண்டிய பதில் உலகநாதனுக்கு இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் தோன்றும், பரமுவுக்கு அந்த இடத்திலேயே தோன்றிவிடும். பரமு கண்ணாடியைத் தொலைக்க மாட்டான், குறட்டை விட மாட்டான், எந்தக் கஷ்டத்தையும் ஒரு கேலியில் தாண்டிவிடுவான். அவனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவன் பெண்டாட்டி ரஞ்சிதம், கடைசி வரிசையில் உறங்குகிறவனையும் எழுப்பிவிடுகிற குரலில், "ஒங்களுக்கு வாக்கப்பட்டு நான் என்னத்தக் கண்டேன்?" என்று கேட்பாள். அரங்கமே அவளோடு சேர்ந்து அதைக் கத்திவிட்டுச் சிரிக்கும்.

சங்கரவடிவு அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டவள் இல்லை. "அது நீ இல்லட்டி, கற்பனைப் பாத்திரம்" என்பார் உலகநாதன். "கற்பனைக்கு என் சேலை என்னத்துக்கு?" என்று ஒருமுறை கேட்டாள், அடுத்த நாடகத்தில் ரஞ்சிதம் அதையே பரமுவிடம் கேட்டாள், பிரமாதமான கைத்தட்டல். அதற்குப் பிறகு சங்கரவடிவு வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், கோயில் குருக்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எல்லாரும் அவளை ரஞ்சிதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள், கூப்பிட்ட பெயருக்கு வராவிட்டால் பால்காரர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறாரே. ஆனாலும் மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு நாடகத்தில், ஒரு நிமிஷத்துக்காவது, தான் தானாக அந்த மேடையில் இருக்க வேண்டும், அதை இந்த ஊர் பார்க்க வேண்டும்.

அந்த மேடைக்கு ஒரு குறை உண்டு. பக்கவாட்டில் வழி கிடையாது. இடதுபக்கம் முழுச் சுவர், வலதுபக்கம் சுண்ணாம்பு டின்களும் உடைந்த கேரம் போர்டும் கிடக்கிற அறை. முன்னொரு காலத்தில் அந்தப் பக்கமாக ஆவேசமாக வெளியேறிய ஒரு ராஜா சுண்ணாம்பு டின்னுக்குள் காலை விட்டு, அடுத்த காட்சிக்கு ஒரு கால் மட்டும் வெள்ளையாக வந்ததிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே உலகநாதன் யாருமே வராத, யாருமே போகாத நாடகங்களாக எழுதினார். திரை விலகும்போதே எல்லோரும் மேடையில் இருப்பார்கள். விருந்தாளி என்றால் அவர் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருப்பார். கிளம்புகிறேன் என்பவர் கிளம்பாமலே பேசிக்கொண்டிருப்பார். கடைசியில் விளக்கு மங்கி அணையும், இருட்டில் நடிகர்கள் முன்பக்கமாக இறங்கிவிடுவார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு விமர்சகர் இதைப் பெரிய உத்தி என்று மேடையிலேயே பாராட்டினார். உலகநாதனும் ஆமாம் உத்திதான் என்று அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

விளக்கை மங்கவைப்பது இசக்கியின் வேலை. அதற்குத்தான் அந்தப் பீங்கான் சாடி. சாடியில் உப்புத் தண்ணீரை ஊற்றி, அதற்குள் இரண்டு தகடுகளை இறக்கி, விளக்குக்குப் போகிற கரண்டை அந்தத் தண்ணீர் வழியாக விட்டிருப்பான். ஒரு தகட்டை மெல்ல மெல்ல மேலே தூக்கினால் மேடையில் அந்தி சாய்வது போல வெளிச்சம் சாயும். நாடகம் முடிந்ததும் அதே சாடியைப் புளி போட்டுத் தேய்த்துச் சங்கரவடிவு மறுபடியும் எலுமிச்சங்காய் போட்டுவைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊர் ஏற்கனவே பல தடவை பார்த்த 'அடுப்பு' என்ற நாடகம் மறுபடியும் நடந்தது. உலகநாதனுக்குக் கல்யாணமான புதிதில் வேலைநிறுத்தத்தால் மில் ஒரு வருஷம் போல மூடிக் கிடந்ததே, அந்தக் காலத்துக் கதை. அதில் வேலையில்லாத பரமு வாய்ச் சாமர்த்தியத்தாலேயே வீட்டில் உலை கொதிக்க வைப்பான், ரஞ்சிதம் உட்கார்ந்த இடத்தில் ஒப்பாரி வைப்பாள். நாடகம் முடிந்தது, இசக்கி தகட்டைத் தூக்கினான், எல்லா விளக்குகளும் மங்கி அணைந்தன, ரஞ்சிதத்தின் தலைக்கு மேல் தொங்கிய இருநூறு வாட்ஸ் பல்பு மட்டும் அணையவில்லை. சுவிட்சை நிறுத்தினான், அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், பல்பு பாட்டுக்கு எரிந்தது. ரஞ்சிதமாக நடித்த மதுரை விமலா வேஷத்தைக் கலைத்து, நீலச் சேலையை மடித்துச் சங்கரவடிவு கையில் கொடுத்துவிட்டு, மதுரை பஸ் ஏறிப் போயும் விட்டாள். மேடையில் பல்புக்கு அடியில், நாற்காலியில், அதே நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு ரஞ்சிதம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, மன்றத்தப் பூட்டணும், எந்திரிங்க" என்றார் காவல்காரர்.

"ஒங்களுக்கு வாக்கப்பட்டு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் ரஞ்சிதம்.

காவல்காரர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவர் வெளியே ஓடிப்போய் நாலுபேரைக் கூப்பிட, நாலுபேர் நாற்பது பேரைக் கூப்பிட, நாற்பது பேரும் இவளை என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் எல்லோரும் சங்கரவடிவைப் பார்த்தார்கள். அவள் தன் கையிலிருந்த சேலையையும் மேடையில் இருந்த சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் சேலையக் கட்டிட்டு உக்காந்திருக்கவள இங்க விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? சாமானோட சாமானா வண்டில ஏத்துங்க" என்றாள். ரஞ்சிதத்துக்கு வாசலைத் தாண்டத் தெரியவில்லை, பிறந்ததிலிருந்து ஒரு வாசலையும் தாண்டியவள் இல்லையே. நாற்காலியோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள். பல்பும் அவள் தலைக்கு மேலேயே அந்தரத்தில் கூடவே வந்தது. தொங்குகிற ஒயரின் நுனியில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு, நாயைக் காலாற நடத்திக் கூட்டிப் போகிறவன் மாதிரி இசக்கி பின்னாலேயே போனான்.

வீட்டுக்கு வந்த ரஞ்சிதத்தால் தொந்தரவு ஒன்றும் இல்லை. அவளுக்கு நாற்காலி தெரியும், கடிகாரம் தெரியும், பாய் தெரியும், மற்றவை தெரியாது. எப்போதும் தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள், யாருக்கும் முதுகைக் காட்ட மாட்டாள். நாடகத்தில் காலித் தம்ளரில்தான் காப்பி குடிப்பார்கள் என்பதால் காலித் தம்ளரைக் கொடுத்தாலே போதும், ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "சீனி தூக்கல்" என்பாள். இப்படி ஒரு விருந்தாளியைச் சங்கரவடிவு அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு ரஞ்சிதத்தைப் பிடித்துப் போய்விட்டது.

ஊரும் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. கரண்ட் நினைத்தபோது வந்து நினைத்தபோது போய்க்கொண்டிருந்த வருஷம் அது. தெரு முழுக்க இருண்டு கிடக்க, உலகநாதன் வீட்டில் மட்டும் இருநூறு வாட்ஸ் எரிந்தால் யார்தான் வராமல் இருப்பார்கள்? பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எதிர்வீட்டு டெய்லர் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார், தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் அட்டையும் பசையுமாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், ஒருநாள் ஒரு பெண் பார்க்கும் வைபவமே அந்த வெளிச்சத்தில் நடந்து நிச்சயமாயிற்று. வார்டு கவுன்சிலர் குருவையா வந்து ரஞ்சிதத்தை மூன்று பக்கமும் நின்று பார்த்துவிட்டு, "வாக்காளர் பட்டியல்ல சேத்துருவமா?" என்றார். "வாசல் தாண்ட மாட்டாக அண்ணாச்சி, எப்படி ஓட்டுப் போடுவாக?" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். நாற்காலியோடு தூக்கிப் போகலாம் என்றார் கவுன்சிலர், அவருக்கு ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்.

நாற்காலியோடு தூக்கிப் போகலாம் என்ற யோசனையைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். குடிதண்ணீர் பல நாளாக வரவில்லை என்று நகராட்சிக்குப் போனபோது ரஞ்சிதத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதிகாரி பைப் உடைப்பு, மோட்டார் பழுது என்று சொல்லிக்கொண்டே வர, ரஞ்சிதம் தலைக்கு மேல் பல்பு எரிய, அவரை நேராகப் பார்த்து, "ஒங்களுக்கு வாக்கப்பட்டு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். அதிகாரி பைப் கதையை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். மறுநாள் காலையில் தண்ணீர் வந்தது. அதன்பிறகு மாமியார் வீட்டில் கஷ்டப்படுகிற பெண், கூரை ஒழுகுகிறது என்றால் காதில் போட்டுக்கொள்ளாத வீட்டுச் சொந்தக்காரர், எடையில் கைவைக்கிற கடைக்காரர் என்று எங்கே நியாயம் கேட்க வேண்டியிருந்தாலும் ரஞ்சிதத்தின் நாற்காலி போயிற்று. அவளுக்குத் தெரிந்தது உலகநாதன் எழுதிக் கொடுத்த வசனங்கள்தான், ஆனால் எந்த வசனமும் எந்த ஊர் வழக்குக்கும் எப்படியோ பொருந்திவிட்டது. உலகநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் மில்லிலிருந்து வந்ததும் ரஞ்சிதத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, அவள் ஒன்று சொல்ல, இவர் பரமுவாகி ஒன்று சொல்ல, நேரம் போவதே தெரியாமல் பேசுவார். ஒருநாள் பேச்சியம்மாள் கேட்டாள், "ஏக்கா, ரஞ்சிதம் வந்துட்டாக, பரமு மட்டும் ஏன் வரல?"

"தனியா எந்திரிச்சு வர அப்படி ஒரு ஆளு இருந்தாத்தான" என்றாள் சங்கரவடிவு. பேச்சி சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதாவது ஊருக்கு வித்தியாசம் தெரியும் என்று சங்கரவடிவு நினைத்திருந்தாள். நடந்தது வேறு. அசல் ரஞ்சிதம் நாற்காலியில் இருக்கிறாள் என்பதால் இவளை இப்போது 'ரஞ்சிதம் வீட்டுக்காரங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முன்பு ஒரு தப்பான பெயராவது சொந்தமாக இருந்தது.

தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் நடுவில்தான் அவள் அதை முதலில் கவனித்தாள். பேச்சியின் மடியிலிருந்து ஒரு அட்டை ரஞ்சிதத்தின் மடியில் விழுந்தது. ரஞ்சிதத்தின் கை அதை எடுத்தது, கட்டைவிரல் நகத்தால் மடிப்பைக் கீறியது, ஒரு தீற்று பசை தடவியது, பெட்டியாக்கிக் கீழே வைத்தது, அடுத்த அட்டைக்கு நீண்டது. எந்த நாடகத்திலும் ரஞ்சிதம் தீப்பெட்டி ஒட்டியதில்லை. அப்படிக் கட்டைவிரல் நகத்தால் கீறுகிறவள் செவல்பட்டியில் ஒருத்திதான் இருந்தாள். மில் மூடிக் கிடந்த அந்த வருஷம் முழுவதும் இருள் பிரியாத காலையில் பஸ் ஏறி, தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலைக்குப் போய் வேலை பார்த்து, வீட்டில் அடுப்பை எரியவைத்தவள் அவள்தான். பேச்சியும் அதே பஸ்ஸில்தான் வந்தாள். ஆனால் 'அடுப்பு' நாடகத்தைப் பல தடவை பார்த்துப் பார்த்து, அந்த வருஷத்தைப் பரமு கேலி பேசிக் கடத்தினதாகத்தான் பேச்சிக்கே இப்போது ஞாபகம்.

அட்டையைக் கீறிக்கொண்டே ரஞ்சிதம் தலையைத் தூக்கினாள். வந்ததிலிருந்து முதல்முறையாகத் தாழ்ந்த குரலில், யாரும் எழுதித் தராத ஒன்றைச் சொன்னாள்.

"யக்கா, எனக்கு உறக்கம் வருது. இந்த லைட்டு எப்ப அணையும்?"

சங்கரவடிவு அண்ணாந்து அந்தப் பல்பைப் பார்த்தாள். இத்தனை வாரமாக ஒருத்தியை இருநூறு வாட்ஸுக்கு அடியில் உட்கார வைத்து ஊரே படிக்கிறது, தைக்கிறது, நியாயம் கேட்கிறது. அவள் கண்ணை மூடினாளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, தானும் கேட்கவில்லை. அன்றைக்கே உலகநாதனிடம் சொன்னாள், "அவளப் போக விடுங்க. போற மாதிரி ஒரு நாடகம் எழுதுங்க."

போகிற மாதிரி எழுத உலகநாதனுக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதினார். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி எழுதி வாசித்துக் காட்டினார், ரஞ்சிதம் முழுவதும் கேட்டுவிட்டு, "நான் எதுக்குங்க கோவிக்கணும்?" என்றாள். காசிக்குப் போகிற மாதிரி எழுதினார், "யாரு கூட?" என்றாள். காய்ச்சலில் படுத்துச் செத்துப்போகிற மாதிரி எழுதி, வாசிக்கும்போது அவரே அழுதுவிட்டார், ரஞ்சிதம் தம்ளரை நீட்டி, "காப்பி குடிங்க" என்றாள். அவர் தாள்களைக் கசக்கிப் போட்டுவிட்டு, "போக மாட்டேங்காளே, நான் என்ன செய்ய?" என்று பெண்டாட்டியைப் பார்த்தார்.

சங்கரவடிவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "மில்லு மூடுன வருசம் நான் போனேன்ல, அத எழுதுங்க."

உலகநாதன் கசக்கிப் போட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பரமுவாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஏதாவது தோன்றியிருக்கும். கடைசியில், "நீ கிளம்பும்போதெல்லாம் நான் முழிச்சுத்தான் கிடந்தேன் வடிவு" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"உறங்குனா நீங்க குறட்டை விடுவீகள்லா. அந்த வருசம் காலைல ஒருநாக்கூட விடல."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "வெக்கமா இருந்துச்சு" என்றார். "அதுவும் தெரியும்" என்றாள் அவள், உரித்த வெங்காயத்தை அவரிடம் நறுக்கக் கொடுத்தாள். கண்ணீருக்கு ஒரு சாக்கு வேண்டுமல்லவா.

இரண்டு நாளில் நாடகம் தயார். ஆனால் ரஞ்சிதம் போகப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் தெரு கொந்தளித்துவிட்டது. பரீட்சை வருகிறதே என்றார்கள் பிள்ளைகளைப் பெற்றவர்கள். தீபாவளித் துணி அப்படியே கிடக்கிறதே என்றார் டெய்லர். ஓட்டு என்றார் கவுன்சிலர். சங்கரவடிவு வாசல்படியில் வந்து நின்றாள். ஊர் பழக்கதோஷத்தில் ஒரு பெரிய சத்தத்தை எதிர்பார்த்துக் காதைப் பொத்தத் தயாரானது. அவள் சத்தம் போடவில்லை, எப்போதும் பேசுகிற குரலிலேயே பேசினாள். "இந்த வெளிச்சம் எல்லாருக்கும் நல்லதுதான். நாளைல இருந்து ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஆள அனுப்புங்க. தலைக்கு மேல பல்பப் போட்டு, கண்ண மூட விடாம ஒரு மாசம் உக்காத்தி வைப்போம். யாரு வீட்டுல இருந்து முதல்ல?" டெய்லர் மெதுவாகத் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் போனதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள்.

போவதற்கு ஒரு வாசல் வேண்டும். மன்றத்து மேடையின் இடதுபக்கச் சுவரை இடிக்க வேண்டும் என்றார் உலகநாதன். மன்றச் செயலாளர் முதலில் கமிட்டி, தீர்மானம் என்றெல்லாம் இழுத்தார். ரஞ்சிதத்தை நாற்காலியோடு அழைத்து வரவா என்று பேச்சி கேட்டதும் அவரே கடப்பாரை எடுத்துக் கொடுத்தார். தெருவே சேர்ந்து இடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடை. கடைக்காரர் பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டு, ஓட்டை வழியாக இடிக்கிறவர்களுக்கு டீ நீட்டினார். ஒரு ஆள் குனியாமல் போகிற மாதிரி வாசல் ஆயிற்று.

நாடகம் சாயங்காலம் என்று நோட்டீஸ் அடிக்கப் போன உலகநாதனைச் சங்கரவடிவு தடுத்துவிட்டாள். "சாயங்காலம் போனா எந்த ஆபீஸ்ல வேல குடுப்பாக? காலைல பஸ் வார நேரத்துக்கு வைங்க." ஆகவே செவல்பட்டி சரித்திரத்தில் முதல்முறையாக விடிகாலையில் ஒரு நாடகம் நடந்தது. ஊர் தலைசீவியும் சீவாமலும், தூக்கக் கலக்கத்தோடும் வேப்பங்குச்சியோடும் வந்து உட்கார்ந்தது. சங்கரவடிவு வழக்கம்போல முதல் வரிசையில். மேடையில் வழக்கம்போல அவள் வீடு. பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறான் பரமு, தலை நரைத்த உலகநாதன். நாற்காலியில் ரஞ்சிதம், மேலே பல்பு, சாடிக்குப் பக்கத்தில் தகட்டைப் பிடித்தபடி இசக்கி.

பரமு ஒன்றும் பேசவில்லை. கேலி இல்லை, சாமர்த்தியம் இல்லை. ரஞ்சிதம் நாற்காலியை விட்டு எழுந்தாள். அதுவே ஊருக்கு அதிசயம், எல்லோரும் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்கள். தூக்குச்சட்டியில் பழைய சோற்றைப் போட்டு மூடினாள். மிச்சச் சோற்றைப் பரமுவின் தலைமாட்டில் வைத்து, ஈ மொய்க்காமல் தட்டால் மூடினாள். செருப்பை மாட்டினாள். பிறகு, எந்த நாடகத்திலும் செய்யாததைச் செய்தாள், ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். ரவிக்கையின் முதுகில் வேறு துணியில் போட்ட ஒட்டு ஒன்று தெரிந்தது. இடது தோளைக் கொஞ்சம் சாய்த்த அந்த நடையைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் எழுந்தே விட்டாள்.

"இது ரஞ்சிதம் இல்லட்டி! இது நம்ம சங்கரவடிவுல்லா! எங்கூட பஸ்ல வந்த சங்கரவடிவுல்லா!"

சங்கரவடிவு திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதம் வாசலில் நின்றாள். "போயிட்டு வாரேன்" என்றாள்.

உலகநாதன் எழுதியது அவ்வளவுதான். அவள் போவாள், விளக்கு அணையும், பரமு கண்ணை மூடியபடியே கிடப்பான், ஏனென்றால் நடந்தது அப்படித்தான். இசக்கி தகட்டை மேலே தூக்கினான். பல்பு மங்கவில்லை. ரஞ்சிதம் போகவில்லை. இடித்த சுவர் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எந்த வீட்டிலும் போயிட்டு வாரேன் என்று சொல்கிறவர்கள், உள்ளேயிருந்து யாராவது போயிட்டு வா என்று சொல்லும்வரை படியிறங்க மாட்டார்கள் அல்லவா. அந்த வருஷத்தின் ஒவ்வொரு காலையிலும் சங்கரவடிவும் அப்படித்தான் ஒரு கணம் நின்றாள். பதில் வராது, பஸ் ஹாரன் அடிக்கும், போய்விடுவாள். ரஞ்சிதத்துக்கு அப்படிப் போகத் தெரியவில்லை. நின்றாள். வெளியே பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. சங்கரவடிவு சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டிக் கசக்கினாள். எந்திரிங்களேன், எந்திரிங்களேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது, அது ரஞ்சிதத்துக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாயில் படுத்திருந்த உலகநாதன் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். அவர் ரஞ்சிதத்தைப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து முதல் வரிசையைப் பார்த்தார்.

"போயிட்டு வா வடிவு" என்றார். "பாத்துப் போயிட்டு வா."

ரஞ்சிதம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வாசலைத் தாண்டினாள். பல்பு அணைந்தது. அந்த நேரத்தில் இசக்கி தகட்டை அசைக்கவே இல்லை.

மன்றம் இருட்டாகவில்லை. இடித்த வாசல் வழியாக விடிகாலை வெளிச்சம் மேடையின் குறுக்கே நீளமாக விழுந்தது. டீக்கடைக்காரர் தலையை உள்ளே நீட்டி, "நீலச்சேலை கட்டுன அம்மா தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ல ஏறுனாக, சீட்டுல உக்காந்ததுமே உறங்கிட்டாக" என்று சொல்லிவிட்டுப் பாலைப் பார்க்கப் போனார்.

உலகநாதன் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மேடையில் தனியாக இருந்து அவருக்குப் பழக்கம் இல்லை, வெளிச்சத்தில் ஒரு நாடகத்தை எப்படி முடிப்பது என்றும் தெரியாது. ஊருக்கும் தெரியவில்லை. முடிந்ததா, கைத்தட்டலாமா, எழுந்திருக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சங்கரவடிவு முதல் வரிசையிலிருந்து எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். மேடைக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"உக்காந்தது போதும், சாமானையெல்லாம் வண்டில ஏத்துங்க. வீட்டுல உலை வைக்கணும். இன்னைக்கு நீங்க பொங்குதீக."

அப்படி ஒரு கைத்தட்டலை அந்த மன்றம் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கைத்தட்டல் ஓய்வதற்குள் உலகநாதன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, புது வாசல் வழியாக வெளியே போனார். சங்கரவடிவு தன் பீங்கான் சாடியிலிருந்த உப்புத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே தெருவில் இறங்கினாள். எதிரே சைக்கிளில் வந்த பால்காரர், விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும், காலை ஊன்றி நின்று மணியடித்தார்.

"சங்கரவடிவக்கா, பால் எவ்வளவு ஊத்த?"

"கூட ஒரு ஆழாக்கு ஊத்துங்க" என்றாள் சங்கரவடிவு.